பாரம்பரிய ஹாட் ராட்: வீட்டுப் பட்டறையில் கட்டும் முறை

ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டும் பழைய கார்) கட்டத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஓர் ஆண்டை எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 1941 ஆகட்டும், 1949 ஆகட்டும், 1955 ஆகட்டும். வண்டியில் ஏறும் ஒவ்வொரு பாகமும் அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் ஓர் இளைஞனின் கைக்கு எட்டியிருக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பாரம்பரிய ஹாட் ராட் என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இவ்வளவே. 1949 என்று எழுதியவர் செவ்ரலேயின் சிறிய வி8 எஞ்சினை (எட்டு சிலிண்டர்கள் ‘V’ வடிவில் அமைந்தது) மறந்துவிட வேண்டும், ஏனெனில் அது 1955இல்தான் வந்தது. ரேடியல் டயர், டிஸ்க் பிரேக், ஆல்டர்னேட்டர் ஆகியவையும் அவருக்குக் கிடையாது. இந்தக் கட்டுப்பாடு முதலில் ஒரு குறையாகத் தோன்றினாலும், பாகம் தேடும்போது எழும் நூறு சந்தேகங்களை அதுவே தீர்த்துவைக்கும். பாதியில் கைவிடப்பட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் வண்டியைப் பார்த்தால், பெரும்பாலும் அதன் சொந்தக்காரர் மூன்று காலத்து வண்டிகளை ஒரே அடிச்சட்டத்தின் மேல் ஏற்ற முயன்றிருப்பார்.

இந்த வண்டிகளின் தோற்றம் முழுவதும் வேகத்துக்காகச் செய்த மாற்றங்களிலிருந்து வந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் முராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் 1930களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு வண்டிகளை விரட்டி நேரம் பார்த்தார்கள். 1937இல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் அமைந்து அதற்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. எடையைக் குறைக்க மட்கார்டுகளையும் ஓரப்படிகளையும் கழற்றினார்கள். காற்றின் தடையைக் குறைக்க வண்டியைத் தாழ்த்தினார்கள். பின்சக்கரத்துக்கு உயரமான டயர் போட்டபோது அதே எஞ்சின் சுற்றில் கூடுதல் வேகம் கிடைத்தது. போருக்குப் பின் இந்தப் பழக்கம் பரவி, 1949இல் யூட்டா மாநிலத்தின் போன்வில் உப்புப் பரப்பில் முதல் வேக வாரம் நடந்தது. ஆகவே ஒரு பாகத்தைச் சேர்க்கவோ நீக்கவோ எண்ணும்போது, அது அந்த ஏரிப் படுகையில் எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று கேட்டுக்கொள்வது, புகைப்படத்தைப் பார்த்து நகலெடுப்பதைவிட நல்ல வழி.

அடிப்படை வண்டியும் அதன் காகிதங்களும்

முதல் வண்டி கட்டுகிறவருக்கு 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டரையே பரிந்துரைப்பேன். ரோட்ஸ்டருக்கு நிலையான கூரை இல்லை. எனவே கூரையைத் தாங்கும் மரச்சட்டங்கள் உளுத்துப்போன தலைவலியும், கூரையை வெட்டித் தாழ்த்தலாமா என்ற சபலமும் இல்லை. அந்த உடலை அதன் சொந்த அடிச்சட்டத்திலேயே வைக்கலாம். அல்லது ஹாட் ராட்காரர்கள் பெரிதும் விரும்பும் 1932 ஃபோர்டு அடிச்சட்டத்தின் மேல் ஏற்றலாம். மாடல் ஏயின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி 103.5 அங்குலம், 1932இன் இடைவெளி 106 அங்குலம். 1932 சட்டத்தின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் வளைந்த வரிப்பள்ளம், மட்கார்டு இல்லாதபோது வெளியே தெரிந்து கண்ணைக் கவரும். அந்த அழகுக்காகவே அதன் விலை ஏறிக்கிடக்கிறது. பணம் குறைவாக இருந்தால் மாடல் ஏ சட்டத்தையே வலுப்படுத்திக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. போருக்கு முன் ஏரியில் ஓடிய வண்டிகளில் பல அப்படித்தான் இருந்தன. பழைய உடல் கிடைக்காதவருக்கு ஓஹாயோவின் புரூக்வில் நிறுவனம் புதிய இரும்புத் தகட்டிலேயே ரோட்ஸ்டர் உடல்களை அடித்துத் தருகிறது.

வாங்கும் முன் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்ணையும் ஒப்பிடுங்கள். மாடல் ஏயில் அந்த எண் எஞ்சினிலும், ஓட்டுநர் பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில் உடலுக்கு அடியிலும் இருக்கும். உடலைத் தூக்கினால்தான் இரண்டாவது எண் கண்ணில் படும். பத்திரமே இல்லாத சட்டத்தை மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு பதிவு அலுவலகத்தில் மாதக்கணக்கில் நிற்பதைவிட, பத்திரம் உள்ள துருப்பிடித்த சட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது மேல். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; கலிஃபோர்னியாவில் தனியாகக் கட்டப்பட்ட வண்டிகளுக்கான சிறப்புப் பதிவுச் சான்று ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டுமே கிடைக்கும்.

பட்டறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலைக் கழற்றினால் ஒரு வண்டி இரண்டு வண்டியின் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், அந்த இடம் வேண்டும். மிக் வெல்டிங் இயந்திரம், ஆங்கிள் கிரைண்டர், நல்ல துளைப்பொறி, எஞ்சின் தூக்கி, நான்கு உறுதியான தாங்கிகள், தீயணைப்பான் ஆகியவை போதும். தரை மட்டமாக இல்லாவிட்டால் இரண்டு கனமான இரும்பு உத்தரங்களை ரசமட்டம் பார்த்து நிறுத்தி, அவற்றின் மேல் சட்டத்தை வையுங்கள். மாடல் ஏயின் பெட்ரோல் டேங்க், ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால், உடலின் ஒரு பகுதியாகவே அமைந்திருக்கிறது. அது வெறுமையாக இருந்தாலும் அதன் அருகே தீப்பொறி பறக்கும் வேலை எதையும் செய்யாதீர்கள். காலி டேங்கில் தேங்கியிருக்கும் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

நிற்கும் தோரணை

வெல்டிங் தொடங்கும் முன் வண்டி எப்படி நிற்கப் போகிறது என்பதை உண்மையான சக்கரங்களையும் டயர்களையும் வைத்தே முடிவுசெய்ய வேண்டும். தோரணை தவறிப்போன ஹாட் ராடை எந்தப் பெயின்டும் காப்பாற்றாது. 1940 முதல் 1948 வரையிலான ஃபோர்டு வண்டிகளின் 16 அங்குல இரும்புச் சக்கரங்கள் நாற்பதுகளின் வண்டிக்குப் பொருத்தமானவை. முன்னால் 5.50-16, பின்னால் 7.50-16 அளவுள்ள பயாஸ் டயர்களைப் (ரேடியலுக்கு முந்தைய வகை) போட்டால் உயரத்தில் ஏறத்தாழ 4 அங்குல வேறுபாடு கிடைக்கும். வண்டி முன்னால் குனிந்து நிற்கும் அந்தப் பழைய சாயல் அதிலேயே பாதி வந்துவிடும்.

அடிச்சட்டத்தை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி, உடலை அதன் மேல் வைத்து, சக்கரங்களை அவை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு கட்டைகளை மாற்றி மீண்டும் பாருங்கள். இந்த வேலைக்கு ஒரு வார இறுதி முழுவதையும் கொடுக்கலாம். இதில் அவசரப்பட்டவர்கள் பின்னால் சட்டத்தை மறுபடியும் வெட்டியிருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். எவ்வளவு தாழ்த்தினாலும் ஒரு வரம்பை மீறக் கூடாது: சக்கர விளிம்புகளின் அடிப்பகுதிகளை இணைத்து ஒரு நூலைக் கட்டிப் பார்த்தால், சட்டமோ எண்ணெய்த் தொட்டியோ ஸ்டியரிங் தண்டோ அந்த நூலுக்குக் கீழே தொங்கக் கூடாது. அப்படித் தொங்கினால், ஓட்டத்தில் டயர் காற்றிழந்ததும் அந்தப் பாகம்தான் முதலில் சாலையை உரசும்.

முன்பக்கத்தைத் தாழ்த்துவதற்குரிய பழைய வழி, இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்த ஐ-வடிவ ஆக்சில். 4 அங்குலம் வளைந்த ஆக்சில், வண்டியை 4 அங்குலம் தாழ்த்தும். குறுக்காக அமைந்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கின் தாய்ப்பட்டையில் காதுகளை எதிர்ப்பக்கமாகத் திருப்பிச் சுருட்டினால் இன்னும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இறங்கும். பின்பக்கத்தைத் தாழ்த்த, சட்டத்தின் பின்பகுதியை வெட்டி மேலே தூக்கி இசட் வடிவில் மறுபடி இணைப்பதுண்டு. அது முதல் வண்டிக்கு உகந்த வேலையன்று. பின் குறுக்குச் சட்டத்தை மாற்றி, ஸ்பிரிங்கின் வளைவைக் குறைத்தாலே பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும்.

அடிச்சட்டத்தை மூடி வலுப்படுத்துதல்

மாடல் ஏயின் சட்டம் மெல்லிய தகட்டை மடித்துச் செய்த, உட்பக்கம் திறந்த வாய்க்கால் போன்றது. 40 குதிரைத்திறன் எஞ்சினுக்காகச் செய்த அந்தச் சட்டம், வி8 எஞ்சினின் முறுக்கில் பிழிந்த துணிபோல நெளியும். எனவே உட்பக்கத் திறப்பைத் தகடு வைத்து அடைத்து, சட்டத்தைப் பெட்டிக் குழாயாக மாற்ற வேண்டும். 3/16 அங்குலத் தகடு இதற்குப் பொருத்தமானது. சட்டத்தின் வடிவத்தை முதலில் அட்டையில் எடுத்து, அதைப் பார்த்துத் தகட்டை வெட்டுங்கள்.

இந்த வேலையில் எதிரி வெப்பம். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே ஓட்டமாக வெல்டிங் செய்தால், ஆறியதும் சட்டம் வாழைப்பழம் போல வளைந்துவிடும். அதை நேராக்குவது புதிய சட்டம் செய்வதைவிடக் கடினம். முதலில் சட்டத்தைப் பலகை மேசையில் அல்லது உத்தரங்களில் இறுக்கிக் கட்டுங்கள். தகட்டைச் சட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வைத்தால் வெல்டிங் படுக்க ஒரு சிறு பள்ளம் கிடைக்கும். மூன்று அங்குலத்துக்கு ஒரு புள்ளி வீதம் முழு நீளத்துக்கும் ஒட்டு வையுங்கள். அதன்பின் இடப்பக்கச் சட்டத்தின் மேல்விளிம்பில் ஓர் அங்குலம், வலப்பக்கச் சட்டத்தின் கீழ்விளிம்பில் ஓர் அங்குலம், பிறகு இடப்பக்கத்தின் மறுமுனையில் ஓர் அங்குலம் என்று தாவித் தாவிச் செல்லுங்கள். வெல்டிங் செய்த இடத்தில் புறங்கையைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்து, சூடு தாங்க முடியாததாக இருந்தால் வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். நீலமும் வைக்கோல் மஞ்சளுமாக நிறம் மாறிய பட்டை, இணைப்பின் இரு பக்கமும் அகலமாகப் பரவியிருந்தால் சூடு அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். முழுச் சட்டத்தையும் அடைக்க மூன்று மாலைப்பொழுதுகள் ஆகலாம், ஆகட்டும்.

ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்ததும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலைக்கும், வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலைக்கும் உள்ள தூரங்கள் ஒரு நூல், அதாவது 1/8 அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. அளவு நாடாவைக் கையால் பிடித்து அளப்பதைவிட, சட்டத்தின் நான்கு குறியீட்டுத் துளைகளிலிருந்தும் தூக்குக்குண்டை விட்டுத் தரையில் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளை அளப்பது துல்லியமானது. பெட்டியாக மூடிய சட்டத்தின் குறுக்கே போல்ட் போக வேண்டிய இடங்களில், மூடுவதற்கு முன்பே உள்ளே குழாய்த்துண்டை வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள். இல்லையேல் நட்டை இறுக்கும்போது சட்டம் நசுங்கி, நட்டு தளர்ந்துகொண்டே இருக்கும். கியர்பாக்ஸைத் தாங்க நடுவில் ஒரு குறுக்குச் சட்டமும் இப்போதே வேண்டும்.

முன் ஆக்சிலும் ஸ்டியரிங்கும்

ஃபோர்டின் விஷ்போன் என்ற கவை வடிவத் தண்டு, ஆக்சிலின் இரு முனைகளையும் பிடித்துப் பின்னால் நடுவில் ஒரே உருண்டை மூட்டில் சேரும். அந்த மூட்டு இருக்கும் இடத்தில்தான் வி8இன் எண்ணெய்த் தொட்டி வந்து அமரும். ஆகவே விஷ்போனை நடுவில் வெட்டி, இரு கைகளையும் இரு பக்கச் சட்டங்களில் தனித்தனியே பொருத்துவது அக்காலத்து வழக்கம். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது, பிரிந்து நிற்கும் அந்தக் கைகள் ஆக்சிலை முறுக்கப் பார்க்கும். ஐ-வடிவ ஆக்சில் அந்த முறுக்கைச் சற்று ஏற்றுக்கொள்ளும். குழாய் ஆக்சில் ஏற்காது, அதன் கோபம் தாங்கிகளின் வெல்டிங்கில் விரிசலாக வெளிப்படும். எனவே பிரித்த விஷ்போனோடு குழாய் ஆக்சிலைச் சேர்க்காதீர்கள். வெட்டிய முனையில் மரை கடைந்த குண்டை வெறுமனே முகத்தோடு முகம் வைத்து ஒட்டாமல், உள்ளே ஆழமாகச் செருகி, சுற்றிலும் வெல்டிங் செய்வதோடு பக்கத்தில் துளையிட்டு அதன் வழியாகவும் நிரப்புங்கள்.

தாங்கிகளை நிலையாகப் பற்றவைக்கும் முன் காஸ்டர் கோணத்தைப் பார்க்க வேண்டும். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கி 5 முதல் 7 டிகிரி வரை சாய்ந்திருக்க வேண்டும்; வண்டி தன் முழு எடையோடு, இறுதித் தோரணையில் நிற்கும்போது எடுக்கும் அளவே கணக்கு. பின்டயர் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் இருப்பதால், சட்டம் மட்டமாக இருந்தபோது பிடித்த 6 டிகிரி, வண்டி தரையில் இறங்கியதும் 3 ஆகிவிடும். நெடுஞ்சாலையில் வண்டி இருபுறமும் அலைவதாகப் புலம்புகிறவர்களில் பலருக்கு இதுவே காரணம். முன்சக்கரங்களின் முன்விளிம்புகள், பின்விளிம்புகளைவிட 1/16 முதல் 1/8 அங்குலம் நெருங்கி இருக்கட்டும்.

ஸ்டியரிங்குக்கு 1948 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பின் பெட்டி நம்பகமானது. பெட்டியிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டின் பின்மூட்டு, விஷ்போனின் பின்மூட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டும் ஏறத்தாழ ஒரே மையத்திலிருந்து ஒரே வட்டத்தில் ஆடினால், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. ஸ்டியரிங் கைகள் கொல்லுப்பட்டறையில் அடித்துச் செய்த உருக்கு. அவற்றை ஒருபோதும் வெட்டி ஒட்டாதீர்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் உண்டா என்று இரவில் படுக்கும் முன் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதை யாரும் கேலி செய்து நான் நிறுத்தப் போவதில்லை.

பின் ஆக்சிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாடல் ஏயின் பின் ஆக்சில் வி8க்கு மெலிது. 1940ஐ ஒட்டிய ஃபோர்டு வி8 ஆக்சிலை அதன் டார்க் குழாயோடு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூல வண்டி உங்கள் வண்டியைவிட நீளமானது. ஆகவே குழாயையும் உள்ளே ஓடும் தண்டையும் ஒரே அளவுக்குக் குறைக்க வேண்டும். இதை நல்ல லேத் பட்டறையில் கொடுத்துவிடுவதே அறிவு. கியர்பாக்ஸுக்கு 1939இல் வந்த, தரையிலிருந்து மாற்றும் மூன்று வேகப் பெட்டி அக்காலத்தவரின் முதல் தேர்வு. அதன் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் சேர உதவும் அமைப்பு) கிடையாது என்பதை நினைவில் வைத்து ஓட்டிப் பழகுங்கள்.

பிரேக்

மாடல் ஏயில் இருப்பது தண்டுகளால் இழுக்கும் பிரேக். ஃபோர்டு 1939இல்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது; அது கடைக்கு வந்த உடனேயே ஹாட் ராட்காரர்கள் அதைக் கழற்றித் தங்கள் பழைய வண்டிகளுக்கு மாட்டிக்கொண்டார்கள். 1939 முதல் 1948 வரையிலான இந்த டிரம் பிரேக்கில், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஒவ்வொரு ஷூவும் அடியில் தனித்தனி ஊசியில் நிற்கும். மேலே உள்ள சரிசெய்யும் திருகை மட்டும் திருப்பிவிட்டு விட்டால், லைனிங்கின் மேல்முனை மட்டும் டிரம்மைத் தொடும். மிதி உறுதியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. அடியில் உள்ள மையம் விலகிய ஊசியையும் சேர்த்துத் திருப்பி, லைனிங் முழுவதும் டிரம்மில் படுகிறதா என்று சுண்ணக்கட்டி தடவிச் சோதிக்க வேண்டும். டிரம்மின் உட்புறத்தில் சுண்ணத்தைப் பூசி, ஒரு சுற்றுச் சுற்றி, இலேசாகப் பிரேக் பிடித்துக் கழற்றிப் பாருங்கள். லைனிங்கில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் அது வேலை செய்கிறது.

சுவரில் ஒட்டிய ஆண்டை நான் மனமறிந்து மீறும் இடம், மிதியின் அழுத்தத்தைப் பிரேக் திரவத்துக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர். பழைய ஒற்றைச் சிலிண்டரில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாகப் பிரிந்த இரட்டைச் சிலிண்டர் 1967 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் பொதுவாயிற்று; அதைத் தரைக்கு அடியில் மறைத்து வைத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அது சக்கரங்களில் உள்ள பிரேக் சிலிண்டர்களைவிடத் தாழ்வாக இருப்பதால், திரவம் திரும்பி ஓடாமல் இருக்க டிரம் பிரேக் குழாயில் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தம் நிறுத்தும் வால்வை வையுங்கள். மிதிக்கு உதவும் பூஸ்டர் இல்லாத வண்டியில் மிதியின் நெம்பு விகிதம் ஆறுக்கு ஒன்று அளவில் இருந்தால் கால் வலிக்காது. குழாய்க்குச் செம்பைப் பயன்படுத்தாதீர்கள், அதிர்வில் வெடித்துவிடும். உருக்குக் குழாயின் முனைகளை இரட்டை மடிப்பாக விரித்துப் பொருத்துங்கள்.

பிளாட்ஹெட் எஞ்சின்

1932இல் 221 கன அங்குலமும் 65 குதிரைத்திறனுமாக வந்த ஃபோர்டின் பிளாட்ஹெட் வி8, சாமானியர் வாங்கும் விலையில் கிடைத்த வி8 என்பதாலேயே ஹாட் ராட் உலகின் இதயமாயிற்று. இன்று தேட வேண்டியவை, நாற்பதுகளின் நடுவில் வந்த 239 கன அங்குல 59ஏபி பிளாக்கும், 1949 முதல் 1953 வரை வந்த 8பிஏ பிளாக்கும் ஆகும். 59ஏபியின் பின்முகம் பழைய கியர்பாக்ஸோடு நேராக இணையும். 8பிஏக்கு இடையில் ஓர் அடாப்டர் தேவைப்படும். அந்த ஒரு காரணத்துக்காகவே முன்னதை விரும்புகிறேன்.

வாங்கியவுடன் செலவு செய்ய வேண்டிய முதல் இடம் விரிசல் சோதனை. இந்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்திலேயே பிளாக்கில் அமர்ந்திருக்கின்றன. எரிந்த புகை, தண்ணீர் அறைகளின் நடுவே பிளாக்கைக் குடைந்து வெளியேறுகிறது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், ஆனால் புகைவழி மூன்றே. நடுவில் உள்ள இரண்டும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் சூடு தேங்கி, வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே பிளவு விழும். காந்தப் பொடிச் சோதனையில் அந்த இடத்தில் கோடு தெரிந்தால் பிளாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர்த் துளைக்கும் ஸ்டட் துளைக்கும் நடுவே தெரியும் குறுங்கோடுகள் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை.

அடுத்தது சுத்தம் செய்தல். இதில் நான் கண்டதைச் சொல்கிறேன். எல்லா அடைப்புகளையும் தட்டி எடுத்துவிட்டு, ஒரு பழைய ஸ்பீடோமீட்டர் கம்பியைத் துளைப்பொறியில் மாட்டித் தண்ணீர் அறைக்குள் விட்டேன். முதலில் காவி நிறச் சேறு வந்தது. பிறகு கருத்த மணல் கட்டியாக உதிர்ந்தது. கடைசியில் தொழிற்சாலையில் வார்ப்பு அச்சைத் தாங்க வைத்த கம்பித்துண்டு ஒன்று, பிளாக் வார்த்த நாளிலிருந்து அங்கேயே இருந்தது, கையோடு வந்தது. ஒரு பிளாக்கிலிருந்து சில கைப்பிடி மணல் வரும்வரை நிறுத்தாதீர்கள். பிளாட்ஹெட் சூடாகும் எஞ்சின் என்ற கெட்ட பெயரில் பாதி, அந்த மணலுக்கு உரியது.

சிலிண்டரை 3 5/16 அங்குலத்துக்குப் பெரிதாக்கி, 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட, 1949ஐ ஒட்டிய மெர்க்குரி காரின் கிராங்க்கைப் பொருத்தினால் 276 கன அங்குலம் கிடைக்கும். இது ஏரிக்காரர்களின் பழைய, தேறிய கணக்கு. பெரிதாக்கும் முன் சுவரின் கனத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எட்ல்ப்ராக், ஆஃபன்ஹவுஸர் போன்ற அலுமினிய ஹெட்டுகளும், இரண்டு ஸ்ட்ரோம்பெர்க் 97 கார்புரேட்டர்களைத் தாங்கும் மேனிஃபோல்டும் அந்தக் காலத்துக்குப் பொருந்துபவை. அந்த 97 என்பது கார்புரேட்டரின் குறுகிய தொண்டை 0.97 அங்குலம் என்பதைக் குறிக்கிறது. மின்சாரப் பெட்ரோல் பம்பு வைத்தால் அழுத்தத்தை 3 பிஎஸ்ஐக்கு மேல் விடாதீர்கள். ஊசி வால்வு அதைத் தாங்காமல் பெட்ரோல் வழியும், சூடான மேனிஃபோல்டின் மேலேயே வழியும்.

சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-5-4-8-6-3-7-2. ஃபோர்டின் எண்ணிக்கையில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க வலப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. முதன்முதலாகக் கிளப்பும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் முள்ளில் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். கிளம்பியதும் ஐடிலில் விட்டு ரசிக்காமல், 2,000 சுற்றில் 20 நிமிடம் ஓடவிட வேண்டும்; புதிய கேம் ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழக அந்த எண்ணெய்த் தெறிப்பு தேவை.

உடலும் மின்கம்பிகளும்

துருப்பிடித்த கீழ்ப்பகுதிகளை வெட்டும் முன், கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பிகளைத் தற்காலிகமாகப் பற்றவைத்து உடலைப் பிணைத்துவிடுங்கள். உடலை அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கி, கதவை மாட்டி, இடைவெளி சுற்றிலும் ஒரே சீராக இருப்பதைப் பார்த்த பிறகுதான் புதிய தகட்டை ஒட்ட வேண்டும். உடலைத் தனியே தரையில் வைத்து ஒட்டியவருக்குக் கதவு ஒருநாளும் சேராது. தகடு மெல்லியது, அடிச்சட்டத்துக்குச் சொன்ன தாவும் முறையை இங்கே இன்னும் பொறுமையோடு கையாளுங்கள். டிங்கரிங் சுத்தியலும் தாங்குகட்டையும் கொண்டு இணைப்பைத் தட்டி நிமிர்த்தினால் பட்டி மெல்லிய பூச்சாக இருந்தால் போதும்.

கூரையுள்ள கூப்பே வைத்திருப்பவர்கள் அதை மூன்று அங்குலம் வெட்டித் தாழ்த்த ஆசைப்படுவார்கள். மாடல் ஏயின் தூண்கள் ஏறத்தாழ நேராக நிற்பதால் பிற்கால வண்டிகளைவிட இது எளிதுதான். ஆனாலும் வெட்டாத கூரையோடு ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சாலை விளக்கைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டியிருக்கும் என்பது வெட்டிய பிறகே பலருக்குத் தெரிகிறது.

விளக்குகளில் 1939 ஃபோர்டின் நீர்த்துளி வடிவப் பின்விளக்குக்கு நிகரில்லை. முன்விளக்குக்கு, 1940இல் அமெரிக்கக் கார்களில் பொதுவான 7 அங்குல சீல்டு பீம் (கண்ணாடியும் இழையும் ஒன்றாக மூடிய விளக்கு) இரவில் உண்மையாகவே சாலையைக் காட்டும். மூல மின்சாரம் 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் முனை பூமியில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், இணைந்தது. அதை 12 வோல்ட்டாக மாற்றுகிறவர்கள் ஸ்டார்ட்டரைத் தவிரப் பல்புகள், காயில், அளவிகள் அனைத்தையும் மாற்ற அல்லது இடையில் மின்தடை வைக்க வேண்டும். 6 வோல்ட் ஸ்டார்ட்டர் 12 வோல்ட்டில் குறுகிய நேரம் தாராளமாகச் சுற்றும். 6 வோல்ட்டிலேயே இருக்க விரும்பினால் தடித்த பேட்டரி கேபிள் போடுங்கள். மெல்லிய கேபிளே பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம். எப்படியானாலும் ஃபியூஸ் பெட்டி இல்லாமல் ஒரு கம்பியும் ஓடக் கூடாது.

பெயின்டுக்கு முன் ஓட்டம்

வண்டி முழுவதும் வெற்று இரும்பாக இருக்கும்போதே அதை ஓட்டிப் பாருங்கள். முதலில் தெருமுனை வரை, பிரேக்கை மட்டும் சோதிக்க. அடுத்து ஐந்து மைல். திரும்பி வந்ததும் நான்கு டிரம்களையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே ஷூ உரசுகிறது. 50 மைலுக்குப் பின் ஸ்பிரிங்கின் யூ-போல்ட்டுகள், விஷ்போன் மூட்டுகள், ஸ்டியரிங் பெட்டி, சிலிண்டர் ஹெட்டுகள் அனைத்தையும் மறுபடி இறுக்குங்கள். அலுமினிய ஹெட்டை எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே இறுக்க வேண்டும். எங்கே குழாய் சட்டத்தை உரசுகிறது, எங்கே டயர் உடலைத் தொடுகிறது, எந்தத் தாங்கியைச் சற்று நகர்த்த வேண்டும் என்பதெல்லாம் இந்த ஓட்டங்களில் வெளிப்படும். சில நூறு மைல்கள் இப்படி ஓடி, ஒரு வாரம் முழுவதும் புதிதாக எதையும் வெல்டிங் செய்யத் தேவையில்லை என்ற நிலை வந்த பிறகு, வண்டியைக் கடைசித் திருகு வரை கழற்றுங்கள். பாகங்களைக் கழற்றும் வரிசையில் புகைப்படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் பெயர் எழுதிப் போட்டு வையுங்கள்.

அடிச்சட்டத்துக்குக் கருப்பும், உடலுக்கு நீங்கள் எழுதிய ஆண்டில் கிடைத்த ஒரு நிறமும் பூசிய பின், மறுபடி பூட்டும்போது பேட்டரியின் பூமிக் கேபிள், எஞ்சினிலிருந்து சட்டத்துக்கு வரும் பின்னல் பட்டை, விளக்குகளின் பூமிக் கம்பிகள் ஆகியவை உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் புதிய பெயின்டை ஒரு நாணய அளவுக்குச் சுரண்டி, பளபளக்கும் இரும்பின் மேல் இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவிவிடுங்கள். புத்தம் புதுப் பெயின்ட் நல்ல மின்காப்பு. அதைச் சுரண்ட மனம் வராதவரின் வண்டிதான் முதல் நாள் மாலையில் கிளம்பாமல் நிற்கும்.